ஏ.பி. ஃபிசிக்ஸை விட்டதற்கு விளக்கம் எழுத 1,200 டாலர்: ஒரு அட்மிஷன் கன்சல்டிங் சேவையில் எங்கள் அனுபவம்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அக்டோபர் மாதம் அவள் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளி மதிப்பெண் பட்டியலில், ‘டபிள்யூ’ என்று ஓர் எழுத்து விழுந்தது. வித்ட்ரா, அதாவது வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று அர்த்தம். விட்டது ஏ.பி. ஃபிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ். அந்த ஓர் எழுத்தைக் கல்லூரிகளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் பயந்துபோய் ஒரு தனியார் அட்மிஷன் கன்சல்டிங் கம்பெனிக்கு 1,200 டாலர் கட்டினோம். அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கம்பெனியின் பெயரைப் போடவில்லை. நியூ ஜெர்சி, டெக்சஸ், கலிஃபோர்னியா என்று நம் ஆட்கள் கூட்டமாக இருக்கும் இடமெல்லாம் இதே மாதிரி கம்பெனிகள் இருக்கின்றன, நான் விசாரித்த நாலைந்திலும் பேக்கேஜும் பேச்சும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. அதனால் பெயர் இல்லாமலே உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு. அவசரத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் படித்தால் போதும்: யாருக்கும் பணம் கட்டும் முன்னால், பிள்ளை படிக்கும் ஸ்கூலின் கவுன்சலரிடம் (பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளி ஊழியர்) இருபது நிமிஷம் நேரம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் அதை இரண்டாவதாகச் செய்தோம், அதில்தான் பணமும் நேரமும் போனது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஏ.பி. என்பது அமெரிக்க ஹைஸ்கூலில் பிள்ளைகள் எடுக்கும் கல்லூரி தரப் பாடம். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது, மே மாதம் பரீட்சை, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஃபிசிக்ஸில் மட்டுமே நாலு பாடம் இருக்கிறது. அதில் ‘சி’ என்று முடியும் இரண்டும் கால்குலஸை வைத்து நடத்துவது. கால்குலஸ் முன்பே படித்திருக்க வேண்டும், அல்லது அதே வருஷம் கூடவே படிக்க வேண்டும். என் மகள் கூடவே படித்தாள். கால்குலஸ் பி.சி., ஃபிசிக்ஸ் சி, இங்கிலீஷ் லிட்டரேச்சர், கவர்ன்மென்ட் என்று நாலு ஏ.பி. ஒரே வருஷத்தில். பதினொன்றாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி எடுத்ததால் ‘ஃபிசிக்ஸ் 1’ என்ற முதல் படிப் பாடத்தைப் படிக்கவே இல்லை, நேராக சி-க்குப் போய்விட்டாள். அந்த ஷெட்யூலை மார்ச் மாதம் போட்டபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதிகமாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, சமையலறை மேசையில் அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். சாய்தளத்தின் மேல் ஒரு கட்டை, கயிறு கப்பி வழியாகப் போய் இன்னொரு கட்டையில் முடிகிறது, அந்தக் கணக்கு. விசைகளைக் குறிக்கும் அம்புகளைப் போட்டுப் போட்டு அழித்ததில் காகிதம் ஓர் இடத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்கு அடியில் இன்னொரு காகிதத்தை வைத்து மறுபடி அதே அம்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் டெஸ்டில் 61, இரண்டாவதில் 58. மற்ற பாடங்களும் சரிய ஆரம்பித்திருந்தன. அடுத்த வாரம் அவளே வந்து, “அம்மா, நான் இதை விட்டுடறேன். ஹானர்ஸ் ஃபிசிக்ஸ் போறேன்” என்றாள். ஏ.பி.-யை விட ஒரு படி கீழே இருக்கும் வகுப்பு அது. அழவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

அவள் அப்பா உடனே கேட்டது, “காலேஜ்ல என்ன நினைப்பாங்க?” எனக்கும் அதே கேள்விதான். ஸ்கூலில் எழுத்து விழாமல் வகுப்பு மாற்றிக்கொள்ள முதல் மூன்று வாரம்தான் நேரம், அது தாண்டிவிட்டது. தாண்டினால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ. மொத்தச் சராசரியான ஜி.பி.ஏ.-வில் சேராது, ஆனால் எல்லார் கண்ணிலும் படும். நவம்பர் 1, முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ஏர்லி ஆக்‌ஷன் கடைசி நாள், கையில் இரண்டரை வாரம்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் திருச்சியில் படித்து வந்தவள். எங்களுக்குக் கட்-ஆஃப் என்று ஓர் எண்தான், அதில் ஒரு புள்ளி போனால் கல்லூரியே மாறிவிடும். கவுன்சலிங் என்றால் அப்போது அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய் ரேங்க் வரிசையில் சீட் தேர்ந்தெடுப்பது. யாரும் யாரிடமும் ‘ஏன்’ என்று கேட்கவும் மாட்டார்கள், விளக்கம் சொல்ல இடமும் கிடையாது. இங்கே அதே சொல்லுக்கு வேறு அர்த்தம், கேட்கிறார்கள், சொல்ல இடமும் தருகிறார்கள். ஆனால் நம் உடம்பில் இருக்கும் பயம் அந்தப் பழைய பயம்தான். அதைத்தான் இந்தக் கம்பெனிகள் தொட்டுப் பேசுகிறார்கள்.

முதல் அரை மணி நேரப் பேச்சு இலவசம். பேசியவர் விற்பனை ஆள் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ‘ரெட் ஃபிளாக்’ என்ற சொல்லை அரை மணி நேரத்தில் ஆறேழு தடவையாவது சொல்லியிருப்பார். எஞ்சினியரிங்குக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை ஃபிசிக்ஸை விட்டால் அது ரெட் ஃபிளாக், சீனியர் இயரில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், விட்டால் இன்னும் பெரிய ரெட் ஃபிளாக், அதைச் சரியான ‘கதை’யாக மாற்றாவிட்டால் மூன்று வருஷ உழைப்பும் போய்விடும். முழு பேக்கேஜ் விலை கேட்டதும் வேண்டாம் என்றோம். அப்புறம் நாலு மணி நேரத்துக்கு 1,200 என்று இறங்கி வந்தார். மணிக்கு 300 டாலர். கட்டினோம்.

எங்களுக்குக் கொடுத்த ஆலோசகர் மரியாதையான, அன்பாகப் பேசும் மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் மணி நேரத்தில் முக்கால்வாசி, நாங்கள் ஏற்கெனவே ஆன்லைன் ஃபாரத்தில் நிரப்பி அனுப்பியதையே திரும்பக் கேட்பதில் போனது. மீதிக் கால் மணியில் அவர் சொன்னதுதான் நான் கொடுத்த இரண்டு மதிப்பெண். அதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பாதிப் பேர் தடுமாறுகிறோம்.

விட்ட வகுப்பு கல்லூரிக்கு ஒரே இடத்தில் தெரிவதில்லை, பல இடங்களில் தெரியும். ஒன்று, பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பமான காமன் ஆப்பில் பிள்ளையே இந்த வருஷப் பாடங்களை வரிசையாகப் பதியும் பகுதி. விட்டுவிட்ட பாடம் அங்கே இருந்தால் அது தவறான தகவல், உடனே மாற்ற வேண்டும். அடுத்தது ஸ்கூல் அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட். அப்புறம் கவுன்சலர் நிரப்பும் ஸ்கூல் ரிப்போர்ட். அதில் இந்தப் பிள்ளை எடுத்த பாடங்கள் அந்தப் பள்ளியின் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினமானவை என்று ஒரு கேள்வி இருக்கிறது, ‘மோஸ்ட் டிமாண்டிங்’, ‘வெரி டிமாண்டிங்’ என்று படிப்படியாக இறங்கும். அதோடு ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்று ஒரு தாளும் போகிறது, அந்தப் பள்ளியில் மொத்தம் என்னென்ன ஏ.பி. உண்டு என்ற விவரம். அதாவது பாடத்தின் கடினத்தை அந்தப் பள்ளியில் கிடைப்பதை வைத்துத்தான் பார்க்கிறார்கள், நாடு முழுக்க ஒரே அளவுகோல் கிடையாது. கடைசியாக, ஜனவரி, பிப்ரவரியில் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணோடு போகும் மிட்-இயர் ரிப்போர்ட். நவம்பரில் சொல்லாமல் மறைத்தால் அங்கே தானாகவே வெளியே வந்துவிடும், அப்போது விட்டதை விட மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும்.

இது நல்ல தகவல். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் எல்லாமே ஸ்கூல் கவுன்சலர் பத்து நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயம், பிறகு சொல்லவும் செய்தார்.

இரண்டாவது மணி நேரத்தில்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. முதலில் அவர், ஹானர்ஸ் ஃபிசிக்ஸுக்குப் பதிலாக வேறு ஒரு ஏ.பி. எடுக்கச் சொன்னார், சைக்காலஜி மாதிரி. ஏ.பி. எண்ணிக்கை நாலாகவே இருக்குமாம். என் மகள் படிக்க விரும்புவது சிவில் எஞ்சினியரிங். பாலம் கட்ட ஆசைப்படும் பிள்ளையிடம் ஃபிசிக்ஸே வேண்டாம், சைக்காலஜி படி என்றால் அவள் என்ன நினைப்பாள்? அவள் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் விளக்கத்தை அவரே ஒரு வரைவாக எழுதித் திரையில் காட்டினார். ஏறக்குறைய முந்நூறு வார்த்தை. அதில் என் மாமனாரின் மரணம் இருந்தது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். முதலில் நிரப்பிய ஃபாரத்தில் ‘கடந்த ஒரு வருஷத்தில் குடும்பத்தில் ஏதாவது நடந்ததா’ என்று ஒரு கேள்வி. என் மாமனார் பிப்ரவரி மாதம் கும்பகோணத்தில் இறந்தார். நாங்கள் போய் காரியம் முடித்துப் பன்னிரண்டு நாளில் திரும்பினோம். அதை நான்தான் ஃபாரத்தில் எழுதினேன், கேட்டதற்குப் பதிலாக. வரைவில் அது, ஆழ்ந்த துயரத்தின் நடுவே பாடங்களின் பாரத்தைச் சுமக்க முடியாமல் தன் மனநலத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு பேத்தியின் கதையாக மாறியிருந்தது. தாத்தா அவளுக்கு ஊஞ்சலில் வைத்து நியூட்டன் விதி சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு வரி. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவர் அரிசி மண்டி வைத்திருந்தவர், நியூட்டன் பேச்சே எடுத்ததில்லை, பேத்திக்கு அவர் சொல்லிக்கொடுத்தது மூட்டை எண்ணிக் கணக்குப் போடுவதுதான்.

என் மகள் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “தாத்தாவை இதுல இழுக்காதம்மா. அவர் செத்துப்போனதால நான் ஃபிசிக்ஸை விடல. எனக்கு வரல, அதான் விட்டேன்.” குரல் நடுங்கியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆலோசகரிடம் இன்றைக்கு இது போதும் என்று சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார், ‘இது ஒரு ஆரம்ப வரைவுதான், உங்களுக்கு வசதிப்படுகிற மாதிரி மாற்றலாம்’ என்றார். மாற்றுவதற்கு இன்னொரு மணி நேரம் ஆகும்.

இதுதான் நான் மூன்று மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம். அவர்கள் வேலை செய்யாமல் ஏமாற்றவில்லை, நேரத்துக்கு வந்தார்கள், மெயிலுக்கு ஒரு நாளில் பதில் போட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளை செய்த சரியான, சாதாரணமான முடிவை எடுத்து, அதற்கு ஒரு சோகம் வேண்டும் என்று தேடினார்கள். நிஜமான சோகம் ஒன்று கையில் கிடைத்ததும் அதைத் தப்பான இடத்தில் ஒட்டினார்கள். காசு வாங்கிக்கொண்டு என் பிள்ளைக்கு அவர்கள் கற்றுக்கொடுக்கப் பார்த்தது, உன் நிஜமான காரணம் போதாது என்று.

மறுநாள் நான் ஸ்கூல் கவுன்சலருக்கு மெயில் போட்டேன். முன்பே போகாததற்குக் காரணம், அவரிடம் முந்நூறுக்கு மேல் பிள்ளைகள், நம்மைப் பார்க்க நேரம் எங்கே இருக்கப் போகிறது என்ற எண்ணம். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கம் சொல்லும் அளவு ஒருவருக்கு 250 பிள்ளைகள், பல பள்ளிகளில் அதற்கு மேல்தான். ஆனாலும் மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம் கொடுத்தார். என் மகளோடு நானும் போனேன்.

அவர் முதலில் அவளிடம் கேட்டது, “இப்போது தூங்குகிறாயா?” அவள் ஆமாம் என்றதும் சிரித்தார். அப்புறம் ஷெட்யூலைத் திறந்து பார்த்து, ஹானர்ஸ் ஃபிசிக்ஸிலேயே இரு, வேறு எதற்கும் போகாதே என்றார். எஞ்சினியரிங்குக்குப் போகிறவளுக்கு ஃபிசிக்ஸ் ஏதோ ஒரு வடிவத்தில் டிரான்ஸ்கிரிப்டில் இருப்பதுதான் முக்கியம், நாலாவது ஏ.பி. யாரும் எண்ணப் போவதில்லை. விட்ட வகுப்பின் இடத்தில் பாடம் எதுவும் இல்லாத ஸ்டடி ஹால் வந்தால்தான் கேள்வி வரும், ஒரு படி இறங்கிய அதே பாடம் வந்தால் அதுவே பாதி விளக்கம் என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் 300 டாலர் கொடுத்திருப்பேன்.

அவள் விட்டதைப் பற்றி அவர் தன் சிபாரிசுக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுவதாகச் சொன்னார். எப்போது விட்டாள், எதற்கு மாறினாள், பள்ளியின் விதி என்ன, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை நாங்கள் பார்த்ததில்லை. பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் காமன் ஆப்பில் பிள்ளை கையெழுத்துப் போடுகிறாள், அப்படிப் போட்டால்தான் கல்லூரி அந்தக் கடிதத்தை முழுசாக நம்பும். அதனால் அவர் சரியாக என்ன எழுதினார் என்பது அவருக்கும் கல்லூரிக்கும்தான் தெரியும். பார்க்கவே முடியாத ஒரு கடிதத்தை நம்பி விட்டது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், விட்ட வகுப்பைப் பற்றிப் பிள்ளை சொல்வதை விட, அந்தப் பள்ளியில் வேலை பார்க்கும் மூன்றாம் மனிதர் சொல்வதற்குத்தானே எடை அதிகம்?

அவள் எழுதும் விளக்கம் பற்றி அவர் சொன்னவை: சின்னதாக எழுது. டீச்சரைக் குறை சொல்லாதே. பாடம் மோசம் என்று சொல்லாதே. மன்னிப்புக் கேட்காதே. எதை விட்டாய், ஏன், அதற்குப் பதில் என்ன செய்கிறாய், இப்போது எப்படிப் போகிறது.

இங்கே காமன் ஆப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பெட்டியில் எழுதுவது என்பதே எங்களுக்குக் குழப்பம். ‘அடிஷனல் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு பெட்டி ரொம்ப நாளாக இருக்கிறது. அதில் 650 வார்த்தை வரை எழுதலாம் என்று இருந்ததை 2025 ஆகஸ்டில் 300 ஆகக் குறைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நல்ல மாற்றம், இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும். அதே சமயம் ‘சேலஞ்சஸ் அண்ட் சர்க்கம்ஸ்டன்சஸ்’ என்று 250 வார்த்தைக்குத் தனியாக ஒரு பெட்டி. உடம்பு சரியில்லாமல் போனது, அப்பா அம்மாவுக்கு வேலை போனது, வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பாதுகாப்பில்லாத சூழல், இப்படிப்பட்ட நிஜக் கஷ்டங்களுக்கு அது. கம்பெனி ஆலோசகர் எங்களை அந்தப் பெட்டியில்தான் எழுதச் சொல்லியிருந்தார். கவுன்சலர் வேண்டாம் என்றார். உன்னுடையது கஷ்டம் இல்லை, முடிவு, அதை மற்றப் பெட்டியில் எழுது என்று சொன்னார். எனக்கு அந்தப் பிரிப்பு ரொம்பப் பிடித்திருந்தது. நிஜமாகவே கஷ்டப்பட்ட பிள்ளைகள் எழுதும் இடத்தில் என் பிள்ளை போய் நிற்பது சரியில்லை.

என் மகள் அன்று ராத்திரியே எழுதினாள், இருபது நிமிஷத்தில். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: “அக்டோபர் மாதம் ஏ.பி. ஃபிசிக்ஸ் சி-யிலிருந்து ஹானர்ஸ் ஃபிசிக்ஸுக்கு மாறினேன். இதற்கு முன் ஃபிசிக்ஸ் படிக்காமல், கால்குலஸ் பி.சி.-யோடு சேர்த்து இதை எடுத்தேன். எனக்கு அடிப்படையே உறுதியாக இல்லை என்று ஆறு வாரத்தில் புரிந்தது. மதிப்பெண்ணுக்காகச் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதை விட, விசைகளை முதலிலிருந்து சரியாகப் படிக்க விரும்பினேன். ஹானர்ஸ் வகுப்பில் இப்போது தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறேன், கால்குலஸில் தொடர்கிறேன்.” அவ்வளவுதான். ஐந்து வாக்கியம். கம்பெனி வரைவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது அவள் அப்பா சொன்னது, “இதைப் படிச்சா எனக்கே சீட் கொடுக்கத் தோணுது.” அவர் சும்மா சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது.

மனப்பாடம் பற்றிய அந்த வரி அவள் சொந்தமாக எழுதியது. ஓட்டை விழுந்த காகிதத்தைப் பார்த்த எனக்கு அது எவ்வளவு நிஜம் என்று தெரியும்.

வேறு சில விஷயங்கள், இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு. யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, அதாவது யூ.சி. வளாகங்களுக்கு, காமன் ஆப் கிடையாது, அவர்களுக்குத் தனி விண்ணப்பம். அங்கே பொதுவாகக் கவுன்சலர் கடிதம் கேட்பதில்லை, மதிப்பெண்ணையும் முதலில் பிள்ளையே பதிகிறாள், டிரான்ஸ்கிரிப்ட் சீட் கிடைத்த பிறகுதான். அதனால் உங்களுக்காகப் பேச ஸ்கூலிலிருந்து ஆள் இல்லை, விளக்கத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். அங்கே கொடுக்கும் சீட்டும் நிபந்தனையோடுதான். பதிந்த பாடங்களை முடிக்க வேண்டும், இடையில் மாற்றினால் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் விட்டால் சீட்டையே ரத்து செய்ய இடம் உண்டு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பம் அனுப்பிய பிறகு விட்டால்? காமன் ஆப்பில் ஒரு கல்லூரிக்கு அனுப்பியதை மாற்ற முடியாது, இனிமேல் அனுப்பப் போவதில்தான் மாற்றலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் ஜனவரியில் கால்குலஸ் பி.சி.-யிலிருந்து (BC) அதற்கு ஒரு படி கீழான கால்குலஸ் ஏபி-க்கு (AB) இறங்கினான். அவன் கவுன்சலர் புதிய ஷெட்யூலை எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பினார், அவனும் ஒவ்வொரு கல்லூரியிலும் தன் பகுதிக்கான அட்மிஷன் அதிகாரிக்கு மூன்று வரி மெயில் போட்டான். மெயில் பிள்ளையிடமிருந்து போக வேண்டும், அப்பா அம்மாவிடமிருந்து போகக் கூடாது. இதையும் ஒரு செஷன் எடுத்துச் செய்து தருவதாகக் கம்பெனி சொன்னது என்று அவன் அம்மா சொன்னார். மூன்று வரி மெயிலுக்கு 300 டாலர். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை: ஏ.பி. பரீட்சைக்கு நவம்பர் நடுவில் ஸ்கூல் ஆர்டர் போடுகிறது. அதற்கு முன் வகுப்பை விட்டால் பரீட்சை ஆர்டரையும் நீக்கச் சொல்லிவிடுங்கள், தேதி தாண்டினால் ரத்துக் கட்டணம் 40 டாலர். வகுப்பை விட்டால் பரீட்சை தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

நியாயமாகப் பேசினால், இந்த மாதிரிக் கம்பெனி யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கவுன்சலர் வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும் பள்ளிகள் இருக்கின்றன, மெயிலுக்கே பதில் வராத பள்ளிகள் இருக்கின்றன. இந்த ஊருக்கு வந்து இரண்டே வருஷம் ஆன, காமன் ஆப் என்றால் என்னவென்றே தெரியாத பெற்றோருக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்தான். அப்படி இருந்தால் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் வாங்குங்கள், விண்ணப்பத்தில் எதெது எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எழுதித் தரச் சொல்லாதீர்கள். ‘குடும்பத்தில் ஏதாவது நடந்ததா’ என்று ஃபாரத்தில் கேட்டால், அது வகுப்பை விட்டதற்கு நிஜமான காரணமாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். நிஜமான காரணமாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கெங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். சில இடத்தில் கிடைத்தது, சில இடத்தில் கிடைக்கவில்லை, கிடைத்ததில் ஒன்று அவள் விரும்பிய சிவில் எஞ்சினியரிங். கிடைக்காத இடத்தில் அந்த எழுத்துதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது, கிடைத்த இடத்தில் அந்த ஐந்து வரிதான் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எந்தக் கல்லூரியும் அதைப் பற்றித் திருப்பிக் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பணம் விஷயம். நாலு மணி நேரத்தில் இரண்டைத்தான் பயன்படுத்தினோம். மீதி 600 டாலரைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தில் ‘செஷன்கள் திருப்பித் தரப்பட மாட்டாது, டிசம்பர் 31-க்குள் பயன்படுத்த வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது, கையெழுத்துப் போடும்போது நான் படிக்கவில்லை. மூன்று மெயிலுக்குப் பிறகு ஒரு மணி நேரப் பணத்தை மட்டும் கிரெடிட் கார்டுக்குத் திருப்பினார்கள். அந்த வரைவையும் எங்கள் ஃபைலிலிருந்து அழிக்கச் சொன்னேன், தாத்தா வரும் வரியோடு. அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது.